பாம்பு சாதி பார்த்தா கடிக்கிறது? விஷமுறிவு மருந்தின் வரலாறும் மறைக்கப்பட்ட கைகளும்

மழைக்காலம் தொடங்கும்போது எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு மாலையைப் பாம்புக்கடி பற்றிப் பேச ஒதுக்குவது வழக்கம். இந்த முறை கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "தோழர், நிலம், கூலி, கல்வி, வன்கொடுமை என்று பேசவே நேரம் போதவில்லை. நடுவில் பாம்பு எதற்கு? அது என்ன சாதி பார்த்தா கடிக்கிறது?"

நியாயமான கேள்வி. பாம்பு சாதி பார்க்காதுதான். ஆனால் வயலும் ஓடையும் குப்பைமேடும் சூழ்ந்த இடத்தில் யாரைக் குடிவைப்பது, விடிவதற்கு முன் வரப்பில் யாரை வெறுங்காலோடு நடக்க வைப்பது, மண் தரையில் யாரைப் படுக்க வைப்பது என்பதையெல்லாம் சாதிதான் தீர்மானித்திருக்கிறது. பாம்பைப் பிடித்து நமக்கு மருந்து கிடைக்கச் செய்தவர்கள் யார், அந்த மருந்தின் வரலாற்றில் பெயர் பெற்றவர்கள் யார் என்பதையும் அதுவே தீர்மானித்திருக்கிறது. அந்த மாணவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எண்ணப்படாத சாவுகள்

முதலில் சில எண்கள். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். வீடு வீடாகச் சென்று, இறந்தவரின் குடும்பத்தாரிடம் சாவு எப்படி நேர்ந்தது என்று விசாரித்துத் திரட்டிய கணக்கு இது. இதே முறையில் 2001-03 காலத்துச் சாவுகளை ஆராய்ந்து 2011இல் வெளிவந்த கட்டுரை இன்னொரு உண்மையைச் சொன்னது. இறந்தவர்களில் நூற்றுக்கு 97 பேர் கிராமத்தவர். நூற்றுக்கு 77 பேர் மருத்துவமனைக்கு வெளியே இறந்தவர்கள்.

இந்த இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். மருத்துவமனைக்கு வந்து இறந்தால்தான் அது மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறும். வீட்டில், வழியில், மந்திரிப்பவர் வாசலில் இறந்தவர் அதில் வரமாட்டார். பதிவேட்டில் சாவு குறைந்தால் பிரச்சினையும் சிறியதாகத் தெரியும். சிறிய பிரச்சினைக்கு மருந்தும் பணமும் ஏன் ஒதுக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2017இல்தான். 'புறக்கணிக்கப்பட்ட' என்பது நோயைப் பற்றிய சொல் போலத் தோன்றும். உண்மையில் அது மனிதர்களைப் பற்றிய சொல்.

பெயர் பெற்றவரும் பெயரற்றவரும்

இந்தியப் பாம்புகளைப் பற்றிய நவீன அறிவியலை பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரிடமிருந்து தொடங்குவது வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக இருந்த அவர், சோழமண்டலக் கரையில் திரட்டிய பாம்புகளைப் பற்றிய பெரிய நூலை 1796இல் வெளியிட்டார். நாம் கண்ணாடிவிரியன் என்று சொல்லும் பாம்பு இன்று உலகம் முழுவதும் அவர் பெயரால் 'ரஸ்ஸல் விரியன்' என்றே அறியப்படுகிறது.

அந்தப் பாம்புக்கு ரஸ்ஸல் வருவதற்கு முன் பெயர் இல்லையா? இருந்தது. அவரே தன் நூலில் அதைக் குறித்திருக்கிறார்: 'காடுக ரேகுல பொட'. அது தெலுங்குப் பெயர். பாம்பின் முதுகில் உள்ள கரிய புள்ளிகளைக் கண்மைக்கும் இதழுக்கும் ஒப்பிட்டு மக்கள் வைத்த பெயர். புள்ளியைப் பார்த்தே பாம்பை இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் வைத்த பெயர் அது. அந்த அறிவு ரஸ்ஸலின் நூலில் இருக்கிறது. அதைக் கொடுத்தவர்கள் அதில் இல்லை.

ரஸ்ஸல் ஒரு நல்ல வேலையும் செய்தார். அன்று பாம்புக்கடிக்குப் புகழ்பெற்றிருந்த 'தஞ்சாவூர் மாத்திரை'யை ஆராய்ந்து அதில் பாஷாணம் கலந்திருப்பதைக் கண்டார். அடுத்த நூற்றாண்டில் ஜோசப் ஃபேரர் என்ற ஆங்கில மருத்துவர் கல்கத்தாவில் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து 1872இல் ஒரு நூல் எழுதினார். அதுவரை சொல்லப்பட்ட எந்த மருந்தும் பலிக்கவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. காலனி அரசு பாம்புகளைக் கொன்று கொண்டுவந்தால் வெகுமதி என்று அறிவித்தது. விளக்கும் கட்டிலும் செருப்பும் தருவதைவிடச் செத்த பாம்புக்குக் காசு கொடுப்பது அரசுக்குச் சுலபமாக இருந்தது.

பலிக்கும் மருந்துக்கான வழி வியட்நாமிலிருந்து திறந்தது. 1891இல் மீகாங் ஆற்றுப் பகுதியில் வெள்ளம் வந்தபோது நாகங்கள் குடிசைகளுக்குள் புகுந்து பலரைக் கடித்தன. உள்ளூர்க்காரர் ஒருவர் அந்த நாகங்களை உயிருடன் பிடித்துப் பீப்பாயில் அடைக்க, அவை சைகோனில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட்டிடம் சென்றன. கால்மெட்டின் ஆய்வு அங்கே தொடங்கியது. சில ஆண்டுகளில், விலங்குக்குச் சிறுகச் சிறுக நஞ்சு செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து, முதல் விஷமுறிவு மருந்துகளில் ஒன்றை அவர் உருவாக்கினார். இன்று குதிரைகளைக் கொண்டு செய்வதும் அடிப்படையில் இதே முறைதான்.

கால்மெட் பெரிய அறிவியலாளர், ஐயமில்லை. ஆனால் பீப்பாயில் நாகங்களை அடைத்தவருக்கு வரலாற்றில் 'உள்ளூர்க்காரர்' என்பதற்கு மேல் இடமில்லை. விஷமுறிவு மருந்தின் வரலாறு முழுவதும் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது.

தோல் உரித்தவர்கள் குற்றவாளிகள் ஆனபோது

இப்போது செங்கல்பட்டுக்கு வருவோம். இருளர்கள் பட்டியல் பழங்குடியினர். அவர்களையும் தலித்துகளையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. ஆனால் நிலமின்மை, கொத்தடிமை முறை, பொய் வழக்கு, ஊரை விட்டுத் தள்ளிவைக்கும் வழக்கம் என்று இருவரும் சந்திக்கும் இடங்கள் பல. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்களை மீட்ட செய்திகளை நாம் இன்றும் படிக்கிறோம்.

வட தமிழகத்துச் சமவெளி இருளர்கள் எலியும் பாம்பும் பிடிப்பதில் தேர்ந்தவர்கள். மண்ணில் பதிந்த தடம், உரித்துப் போட்ட சட்டை, எச்சம் ஆகியவற்றைப் பார்த்து எந்தப் பாம்பு, எப்போது போனது, எந்த வளையில் இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். கையில் ஒரு சிறிய கடப்பாரை போதும். இருபதாம் நூற்றாண்டில் இந்த அறிவை விலைக்கு வாங்கியது தோல் வணிகம். பாம்புத்தோல் கைப்பையாகவும் செருப்பாகவும் வெளிநாட்டுக்குப் போனது. லாபம் வியாபாரிக்கும் ஏற்றுமதியாளருக்கும். பிடித்தவருக்குச் சில்லறை.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு முழுத்தடை வந்தது. பாம்புகளைக் காக்க இந்தச் சட்டம் தேவைதான். ஆனால் தோலில் பணம் பார்த்தவர்கள் வேறு தொழிலுக்குப் போக முடிந்தது. பிடித்து வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் வேலையற்றவர்கள் ஆனார்கள். பழக்கத்தில் பிடித்தால் குற்றவாளிகள் ஆனார்கள். மாற்று வாழ்வாதாரத்துக்கு அந்தச் சட்டத்தில் வழி எழுதப்படவில்லை.

வழி கூட்டுறவில் பிறந்தது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகர் இருளர்களிடம் பாம்பு பிடிக்கக் கற்றவர். அவரும் இருளர்களும் சேர்ந்து முயன்றதில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அது இயங்குகிறது. வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில் பாம்புகளைப் பிடிக்கிறார்கள். மணல் நிரப்பிய மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். வாரம் ஒருமுறை நஞ்சு எடுக்கிறார்கள். சில வாரங்களில் பாம்பின் அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்பும் சாவதில்லை, தொழிலும் சாவதில்லை.

இந்தியாவில் மருந்து நிறுவனங்கள் வாங்கும் நஞ்சின் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்தே போயிருக்கிறது. பீகாரிலோ ஒடிசாவிலோ ஒரு கூலித் தொழிலாளி பாம்புக்கடியிலிருந்து பிழைத்தார் என்றால், அந்த மருந்துக் குப்பிக்குப் பின்னால் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் ஒருவரின் கை இருந்திருக்க வாய்ப்பு அதிகம். குப்பியில் அவர் பெயர் இருக்காது. இந்த வருமானம்கூட உறுதியானதல்ல. ஒவ்வொரு முறையும் அரசு அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். அனுமதி தாமதமானால் அடுப்பு அணையும்.

2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், அங்கே பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளைப் பிடிக்க முடியாமல் திணறியபோது, மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை அழைத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் விருது இருவருக்கு. பட்டாவும் சாதிச் சான்றிதழும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் கேட்டு அலைபவர்கள் ஆயிரக்கணக்கானோர். படமெடுக்கும் நாகத்துக்குப் புற்றில் பால் ஊற்றும் சமூகம், அந்த நாகத்தைப் பிடிக்கத் தெரிந்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது. இத்தனைக்கும் பாம்பு பால் குடிப்பதில்லை.

நான்கு பாம்புகள்: கண்டு தெரிந்துகொள்ள

வரலாறு தெரிந்தால் போதாது. இன்றிரவு வீட்டில் பாம்பு வந்தால் என்ன செய்வது என்றும் தெரிய வேண்டும். இந்தியாவில் சாவுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நான்கு பாம்புகள். விஷமுறிவு மருந்தும் இந்த நான்கின் நஞ்சைக் கொண்டே செய்யப்படுகிறது.

நல்லபாம்பு: எழும்பிப் படமெடுக்கும். நம் ஊர் நாகத்தின் படத்துக்குப் பின்புறம் மூக்குக்கண்ணாடி போன்ற குறி இருக்கும். சிலவற்றில் அது மங்கியும் இருக்கலாம். எலியைத் தேடி வீட்டுக்கும் களத்துக்கும் வரும். கடித்த இடம் வலிக்கும், வீங்கும். பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சுத் திணறும்.

கட்டுவிரியன்: பளபளக்கும் கருநீல உடல். குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. தலைப்பக்கம் கோடுகள் மங்கலாகவும் வால்பக்கம் தெளிவாகவும் இருக்கும். நான்கில் நம் குடிசைகளுக்கு மிக ஆபத்தானது இதுதான். இரவில் வந்து, தரையில் தூங்குபவரைக் கடிக்கும். கடி பெரும்பாலும் வலிக்காது, பல் தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுவார். கண்ணைத் திறக்க முடியாது. 'தின்றது சேரவில்லை' என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிடும். தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலியோடும் தொங்கும் இமையோடும் எழுந்தால், பாம்பைப் பார்க்காவிட்டாலும் பாம்புக்கடி என்று சந்தேகியுங்கள்.

கண்ணாடிவிரியன்: தடித்த பழுப்பு உடல், முக்கோணத் தலை. முதுகில் சங்கிலி போல மூன்று வரிசைக் கரும்புள்ளிகள். சீண்டினால் குக்கர் விசில் போல உரக்கச் சீறும். வயல், வரப்பு, வைக்கோல், புதர் ஆகியவை இதன் இடம். அறுவடைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களைக் கடிப்பது பெரும்பாலும் இதுதான். கடுமையான வலி, வீக்கம், ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம், பிறகு சிறுநீரகம் செயலிழத்தல். பிழைத்தவர்களிலும் சிலர் நீண்ட காலம் சிறுநீரக நோயோடு வாழ்கிறார்கள். கூலிக்குப் போக முடியாத உடல், மேலே கடன்.

சுருட்டைவிரியன்: சிறியது, பெரும்பாலும் ஒன்றிரண்டு அடிதான். தலையில் அம்புக்குறி போன்ற அடையாளம், பக்கவாட்டில் நெளிகோடு. உடலைச் சுருட்டிச் செதில்களை உரசி அரம் தேய்ப்பது போல ஒலி எழுப்பும். வறண்ட நிலத்திலும் கல்லுக்கு அடியிலும் இருக்கும். இதன் நஞ்சும் இரத்தத்தை உறையவிடாது.

சாரை, தண்ணீர்ப்பாம்பு, மண்ணுளி, கொம்பேறி மூக்கன் எல்லாம் மனிதரைக் கொல்லாதவை. கடித்தவரின் சிதைப் புகையைக் காணக் கொம்பேறி மூக்கன் மரமேறிக் காத்திருக்கும் என்பது கட்டுக்கதை. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். வீட்டுக்குள் வரும் நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பு கட்டுவிரியனைப் போலவே கோடுகளோடு இருக்கும். ஐயம் வந்தால் நஞ்சுள்ளது என்றே கொள்ளுங்கள். உறுதிசெய்ய அருகில் போகாதீர்கள்.

வீட்டில் பாம்பு கண்டால் பிள்ளைகளையும் ஆடு கோழியையும் விலக்கி, தூரத்திலிருந்து ஒருவர் அதைக் கண்ணில் வைத்திருக்கட்டும். தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். அடிக்கப் போய்க் கடிபட்டவர்கள் ஏராளம். கைப்பேசியில் காணொளி எடுத்துப் போட வேண்டும் என்று பாம்பைத் தொடும் இளைஞர்களுக்கும் இதையே சொல்கிறேன். இருளர்களின் திறமை தலைமுறைகளின் உழைப்பு. அதை ஒரு மாலையில் கற்க முடியாது.

வெட்டுவதும் கட்டுவதும் யாருடைய மூடநம்பிக்கை?

கடித்த இடத்தைக் கீறி இரத்தத்தை வெளியேற்றும் கிராமத்தாரைப் 'படிக்காதவர்கள்' என்று சிரிப்பவர்கள் உண்டு. 1904இல் ஃபேரர் உள்ளிட்ட பிரிட்டிஷ் மருத்துவர்களே, கடிவாயைக் கத்தியால் கீறிப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தேய்க்கச் சொல்லிப் பரிந்துரைத்தார்கள். நேற்றைய மருத்துவம் சொன்னதை இன்றைய மருத்துவம் தவறென்று கண்டது. அந்தத் திருத்தம் நம் தெருவுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஆகவே சிரிக்காமல் சொல்லிக்கொடுப்போம்.

கடிபட்டால் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே. கடிபட்டவரை நடக்கவிடாதே. எலும்பு முறிந்தால் செய்வது போலக் கை காலை அசையாமல் கட்டையோடு தளர்வாகக் கட்டு. மோதிரம், கொலுசு, வளையல், மெட்டி அனைத்தையும் கழற்று, வீங்கிய பிறகு கழற்ற முடியாது. 108க்கு அழை. வண்டி தாமதமானால் கிடைத்த வாகனத்தில், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போ. பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. எந்த நேரத்தில் கடித்தது, அதன் பிறகு என்ன மாற்றம் தெரிந்தது என்று சொல்வதே மருத்துவருக்கு உதவும்.

மருத்துவமனையில் ஒரு எளிய சோதனை உண்டு. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பது. உறையவில்லை என்றால் விரியன் நஞ்சு வேலை செய்கிறது. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். இதைத் தெரிந்து வைத்திருங்கள். 'செய்து பார்த்தீர்களா டாக்டர்?' என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நாம் கேட்க வேண்டியவை

2024 மார்ச்சில் ஒன்றிய அரசு பாம்புக்கடிக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2030க்குள் சாவுகளைப் பாதியாகக் குறைப்பதே இலக்கு. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. அதாவது மருத்துவமனைகள், தனியார் உட்பட, ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இனி எண்ணாமல் இருக்க முடியாது. ஆனால் கடிபட்டவரின் வீடு எப்படிப்பட்டது, தெருவிளக்கு இருந்ததா, கழிப்பறை இருந்ததா, அவர் எந்தச் சமூகத்தவர், மருந்துக்கு எத்தனை கிலோமீட்டர் போனார் என்பதையும் பதிய வைப்பது நம் வேலை.

ஆகவே இந்த மழைக்காலத்தில் ஒவ்வொரு தோழரும் தன் பகுதியில் மூன்று வேலை செய்யலாம். ஒன்று, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளதா, இரவில் மருத்துவர் இருக்கிறாரா என்று நேரில் கேளுங்கள். இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். இரண்டு, காலனியில் விளக்கில்லாத பாதை, கழிப்பறையில்லாத வீடு, குப்பைமேடு ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கிராமசபையில் வையுங்கள். குப்பை இருந்தால் எலி வரும், எலி இருந்தால் பாம்பு வரும். மூன்று, தரையில் படுக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கட்டில் கிடைக்க வழி பாருங்கள். அதுவரை கொசுவலையைப் பாயின் அடியில் சுற்றிலும் செருகிப் படுக்கச் சொல்லுங்கள். கட்டுவிரியனிடமிருந்து உயிரைக் காக்கும் மலிவான சுவர் அதுதான்.

அந்த மாணவர் கூட்டம் முடிந்தபின் என்னிடம் வந்து, சிறுவயதில் இறந்துபோன தன் அத்தையைப் பற்றிச் சொன்னார். விடியற்காலை வயிற்றுவலி என்று எழுந்தாராம். பேய் அடித்தது என்று வீட்டில் இன்றுவரை சொல்கிறார்களாம். "தரையில்தான் படுத்திருந்தாங்க தோழர்" என்றார். அடுத்த வாரம் அவர் தெருவில் கூட்டம் போடுகிறோம். பேசப் போவது அவர்தான்.